மெட்டா பகுப்பாய்வில் ஆய்வுகளின் வேறுபாட்டைக் கணக்கிடுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

ஒரே மருந்தை ஐந்து குழுக்கள் தனித்தனியே சோதித்தால் ஐந்து விடைகள் வரும். அதில் வியப்பில்லை. யாரைச் சேர்த்தோம், யார் பாதியில் விலகினார் என்ற தற்செயலே விடையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் தள்ளிவிடும். தற்செயலால் மட்டும்தான் விடைகள் விலகி நிற்கின்றனவா, அல்லது மருந்தின் பலனே நோயாளிக்கு நோயாளி, அளவுக்கு அளவு உண்மையிலேயே மாறுகிறதா? இரண்டாவது என்றால், எவ்வளவு மாறுகிறது? பல ஆய்வுகளின் விடைகளை ஒரே கணக்கில் தொகுக்கும் மெட்டா பகுப்பாய்வில் 'ஹெட்டரோஜெனிட்டி' என்று சொல்வது இதைத்தான். நான் இதை 'ஆய்வுகளிடை வேறுபாடு' என்றே எழுதப் போகிறேன்.

மெட்டா அனாலிசிஸ் என்ற பெயரை ஜீன் கிளாஸ் 1976-இல் வைத்தார். இன்று மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் கணக்கும் வந்து விழுகிறது. அதனாலேயே பலர் திரையில் தெரியும் ஐ ஸ்கொயர் (I², வேறுபாட்டைச் சதவீதமாகச் சொல்லும் அளவு) எண்ணைப் பார்த்து, '75-க்கு மேல், ஆகவே வேறுபாடு அதிகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் இந்தக் கட்டுரை. கணக்கை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். ஒரு விரிதாள் போதும்.

கணக்குக்காக ஐந்து ஆய்வுகளை நானே கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் இரத்த அழுத்த மருந்துச் சோதனைகள். எண்கள், போலி மாத்திரையை விட மருந்து எத்தனை மி.மீ. பாதரசம் கூடுதலாகக் குறைத்தது என்பதைச் சொல்கின்றன. திட்டப் பிழை, தற்செயலால் அந்த விடை எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு.

அ: குறைவு 2, திட்டப் பிழை 1
ஆ: குறைவு 8, திட்டப் பிழை 2
இ: குறைவு 5, திட்டப் பிழை 1
ஈ: குறைவு 1, திட்டப் பிழை 2
உ: குறைவு 9, திட்டப் பிழை 2

முதல் படி: எண்களைச் சந்தேகப்படுங்கள்

எந்தச் சூத்திரத்தையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள். நான் முதன்முதலில் செய்த மெட்டா பகுப்பாய்வில் ஐ ஸ்கொயர் 98 சதவீதம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, 'நோயாளிகளின் வயது வேறு, மருந்தின் அளவு வேறு' என்று விவாதப் பகுதிக்கு விளக்கமெல்லாம் எழுதி வைத்தேன். கடைசியில் பார்த்தால், ஓர் ஆய்வின் அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் இருந்தது திட்டப் பிழை. நான் அதைத் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள சிதறலின் அளவு) என்ற பத்தியில் ஏற்றியிருந்தேன்.

அதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு குழுவில் 36 பேர், திட்ட விலக்கம் 12. சராசரியின் திட்டப் பிழை 12-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தது, அதாவது 2. அந்த 2-ஐத் திட்ட விலக்கம் என்று நினைத்து மறுபடி 6-ஆல் வகுத்தால் 0.33. எடை திட்டப் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போவதால், அந்த ஆய்வுக்குக் கிடைக்க வேண்டியதை விட 36 மடங்கு எடை கிடைத்துவிடும். அந்த ஓர் ஆய்வு மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மற்றவை எல்லாம் 'வேறுபட்டவை' ஆகிவிடும்.

ஆகவே ஒவ்வோர் ஆய்வின் விளைவையும் ஒரு புள்ளியாகவும் அதன் இடைவெளியை ஒரு கோடாகவும் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டை முதலில் வரையுங்கள். ஊசி போல மெல்லிய கோட்டோடு ஓர் ஆய்வு நின்றால் மூலக் கட்டுரைக்குத் திரும்புங்கள். குறி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்: ஓர் அளவுகோலில் கூடினால் நல்லது, இன்னொன்றில் குறைந்தால் நல்லது என்றிருக்கும். ஒரே நோயாளிகளை இரண்டு கட்டுரைகளில் எண்ணியிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

இரண்டாம் படி: க்யூ

ஒவ்வோர் ஆய்வுக்கும் வேரியன்ஸ் வேண்டும். திட்டப் பிழையின் வர்க்கம்தான் அது. எடை என்பது 1 வகுத்தல் வேரியன்ஸ். நம் எடுத்துக்காட்டில் அ, இ இரண்டுக்கும் எடை 1. ஆ, ஈ, உ மூன்றுக்கும் 0.25. மொத்த எடை 2.75.

எடையிட்ட சராசரி: எடையையும் விளைவையும் பெருக்கிக் கூட்டினால் 11.5. அதை 2.75-ஆல் வகுத்தால் 4.18. எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மையான பலனைத்தான் அளக்கின்றன என்று வைத்துக்கொண்டால் வரும் விடை இது. ஃபிக்ஸட் எஃபெக்ட் மாதிரி என்பார்கள்.

இப்போது ஒவ்வோர் ஆய்வும் 4.18-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கமாக்கி, எடையால் பெருக்குங்கள். அ 4.76, ஆ 3.64, இ 0.67, ஈ 2.53, உ 5.80. கூட்டினால், முழுமைப்படுத்துவதைச் சரிசெய்து, 17.41. இதுதான் வில்லியம் காக்ரன் 1954-இல் விளக்கிய க்யூ.

விலகலுக்குத் தற்செயல் மட்டுமே காரணம் என்றால் க்யூ சராசரியாக எவ்வளவு இருக்கும்? ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, இங்கே 4. நமக்குக் கிடைத்தது 17.41. கை-வர்க்க (chi-square) அட்டவணையில் இதற்கான பி-மதிப்பு, அதாவது தற்செயலால் மட்டும் க்யூ இவ்வளவோ இதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு, சுமார் 0.0016. தற்செயல் மட்டும் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. ஆய்வுகள் நாலைந்துதான் என்றால் இந்தச் சோதனைக்கு வலு போதாது. உண்மையான வேறுபாட்டையும் கோட்டைவிடும். அதனால்தான் 0.05-க்குப் பதில் 0.10 என்ற எல்லையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஐம்பது பெரிய ஆய்வுகள் இருந்தாலோ, பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாட்டுக்கும் அலாரம் அடிக்கும். 'பி-மதிப்பு 0.05-க்கு மேல் வந்தது, ஆகவே ஃபிக்ஸட் எஃபெக்ட் போட்டோம்' என்ற வாக்கியத்தைக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கிறேன். செய்யக் கூடாது. எந்த மாதிரி என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே, ஆய்வுகளின் தன்மையை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: ஐ ஸ்கொயர், அதன் பொறி

ஹிக்கின்ஸும் தாம்சனும் 2002-இல் தந்த அளவு இது. க்யூவில் எதிர்பார்ப்புக்கு மேல் இருப்பது எத்தனை சதவீதம்? 17.41-இலிருந்து 4-ஐக் கழித்தால் 13.41, அதை 17.41-ஆல் வகுத்தால் 77 சதவீதம்.

விளைவுகள் இப்படிச் சிதறியிருப்பதில் சுமார் 77 சதவீதத்துக்குத் தற்செயல் காரணமல்ல என்பது இதன் பொருள். இது விகிதம் மட்டுமே. பலன் எத்தனை மி.மீ. மாறுகிறது என்பதை இது சொல்லவே இல்லை.

இதை நம்ப முடியாதவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். அதே ஐந்து ஆய்வுகள், அதே விளைவுகள்: 2, 8, 5, 1, 9. ஒவ்வோர் ஆய்விலும் நான்கு மடங்கு ஆட்கள் இருந்ததாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திட்டப் பிழைகள் பாதியாகும், க்யூ நான்கு மடங்காகி 69.6 ஆகும், ஐ ஸ்கொயர் 94 சதவீதத்துக்குத் தாவும். விளைவுகள் இம்மியும் நகரவில்லை! பெரிய ஆய்வுகளைச் சேர்த்ததற்குத் தண்டனை போல இருக்கிறது இது. பெரிய மக்கள்தொகை ஆய்வுகளைத் தொகுப்பவர்களுக்கு 95-க்கு மேல் வருவது அன்றாடம். அவர்களைப் பார்த்து 'இவ்வளவு வேறுபாட்டோடு எப்படித் தொகுத்தீர்கள்' என்று கேட்கும் மதிப்பீட்டாளர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

25, 50, 75 என்ற எல்லைகள் எங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் கையேடு வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்று படியும் எல்லைகளைத் தருகிறது: 0–40 பெரிதாக இல்லாமல் இருக்கலாம், 30–60 நடுத்தரம், 50–90 கணிசம், 75–100 மிக அதிகம். படியும்படி வைத்ததற்குக் காரணமே, கோடு கிழித்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத்தான்.

நான்காம் படி: டௌ ஸ்கொயர்

நமக்கு உண்மையில் வேண்டியது இது. ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரியில், ஒவ்வோர் ஆய்வுக்கும் தனக்கென ஓர் உண்மையான பலன் உண்டு. அந்த உண்மையான பலன்கள் ஒரு சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கின்றன. அந்தப் பரவலின் வேரியன்ஸ் டௌ ஸ்கொயர். அதன் வர்க்கமூலம் டௌ. நம் கணக்கில் டௌ மி.மீ. பாதரசத்திலேயே வரும். எனவே மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லலாம்.

கையால் போடக்கூடியது டெர்சிமோனியன்–லேர்ட் முறை. ரெபெக்கா டெர்சிமோனியனும் நேன் லேர்டும் 1986-இல் வெளியிட்டது. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 2.1875. அதை மொத்த எடையான 2.75-ஆல் வகுத்தால் 0.795. அதை 2.75-இலிருந்து கழித்தால் 1.955. க்யூவில் மிஞ்சிய 13.41-ஐ இதால் வகுத்தால் 6.86. டௌ 2.6 மி.மீ.

ஒரே மூச்சில் முடியும் கணக்கு என்பதால்தான் பல ஆண்டுகள் இதுவே எங்கும் ஆண்டது. காக்ரேனின் ரெவ்மேன் மென்பொருளிலும் நீண்ட காலம் இதைத் தவிர வேறு வழியில்லை. குறை என்ன? ஆய்வுகளின் அளவு ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டு, வேறுபாடும் பெரிதாக இருந்தால் இது டௌ ஸ்கொயரைக் குறைத்துக் காட்டும். காரணம் எளிது: வேறுபாடே இல்லை என்று நினைத்துப் போட்ட எடைகளை வைத்துத்தான் வேறுபாட்டை அளக்கிறது.

பௌலே–மாண்டெல் முறை அந்த முரணை நீக்குகிறது. ஆய்வகங்களுக்கிடையே அளவீடுகளை ஒப்பிடுவதற்காக 1982-இல் வந்தது இது. டௌ ஸ்கொயருக்கு ஓர் எண்ணை ஊகியுங்கள். அதை ஒவ்வோர் ஆய்வின் வேரியன்ஸோடும் கூட்டிப் புது எடைகள் போடுங்கள். அந்த எடைகளில் புதுச் சராசரி, புது க்யூ. அந்த க்யூ எதிர்பார்ப்பான 4-க்குச் சமமாகும் வரை ஊகத்தை நகர்த்துங்கள். நம் தரவில்:

ஊகம் 6.86: க்யூ 4.90. இன்னும் அதிகம், ஊகத்தைக் கூட்ட வேண்டும்.
ஊகம் 9: க்யூ 4.04. நெருங்கிவிட்டோம்.
ஊகம் 9.13: க்யூ 4.00. இதுதான் விடை.

விரிதாளில் 'கோல் சீக்' வசதி இருந்தால் அரை நிமிட வேலை. இந்த முறையை ஒரு தடவை செய்து பார்த்தவருக்கு டௌ ஸ்கொயர் என்றால் என்ன என்பது மறக்காது: மிச்சச் சிதறலைத் தற்செயலின் அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு கூடுதல் வேரியன்ஸ் தேவையோ, அவ்வளவு.

அடுத்தது ரெமெல். கட்டுப்படுத்திய பெரும நிகழ்தகவு முறையின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் இது. தரவோடு மிகவும் பொருந்தும் மதிப்பைத் தேடும் சாதாரணப் பெரும நிகழ்தகவு முறைக்கு ஒரு மறதி உண்டு. சராசரியையும் இதே தரவிலிருந்துதான் எடுத்தோம் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. அதனால் டௌ ஸ்கொயரைக் குறைத்துவிடும். மாதிரியின் வேரியன்ஸைக் கணக்கிடும்போது எண்ணிக்கையால் வகுக்காமல் ஒன்று குறைத்து வகுக்கிறோமே, அதே திருத்தம்தான் ரெமெல் செய்வது. ஆர் மொழியின் மெட்டாஃபோர் தொகுப்பில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். நம் தரவில் ரெமெல் தருவது 8.49. டௌ 2.9.

ஹெட்ஜஸ் முறை இன்னும் எளிது. எடை எதுவும் இல்லாமல் ஐந்து விளைவுகளின் வேரியன்ஸ் 12.5, உள் வேரியன்ஸ்களின் சராசரி 2.8, கழித்தால் 9.7. எடையைப் பார்க்காததால் ஒரே ஒரு சின்ன ஆய்வு எங்கோ ஓடினாலும் ஆடிப்போகும்.

6.86, 8.49, 9.13, 9.7. தரவு ஒன்றுதான், விடை நான்கு. எதை எடுப்பது? என் வழக்கம் ரெமெல். ஒப்பிட்டுப் பார்க்க பௌலே–மாண்டெல். இரண்டையும் ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். நான்கையும் ஓட்டிப் பார்த்து, பிடித்த முடிவைத் தரும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்று வேலை. இருவேறு சிகிச்சைகளில் சாவு போன்ற அரிய நிகழ்வுகளை எண்ணுகிறீர்கள், பல ஆய்வுகளில் பூஜ்ஜியம் வருகிறது என்றால் இந்த நான்குமே சரிப்படாது. பூஜ்ஜியத்துக்குப் பதில் 0.5 போட்டு ஒப்பேற்றாமல், எண்ணிக்கைகளை நேரடியாக எடுத்துக்கொள்ளும் லாஜிஸ்டிக் கலப்பு மாதிரிக்குப் போங்கள்.

கணக்கில் டௌ ஸ்கொயர் எதிர்க்குறியில் வந்தால் மென்பொருள் அதைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து 'வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

ஐந்தாம் படி: டௌவுக்கும் இடைவெளி போடுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இது. சராசரிக்கு நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்பது) இல்லாமல் யாரும் கட்டுரை அனுப்புவதில்லை; டௌ ஸ்கொயருக்கு மட்டும் ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வழி மிகவும் நேர்த்தியானது; க்யூ புரொஃபைல் என்று பெயர். பௌலே–மாண்டெலில் க்யூ 4 ஆகும் வரை நகர்த்தினோம் அல்லவா? அதே போல, க்யூ 11.14 ஆகும் இடத்தையும் 0.484 ஆகும் இடத்தையும் கண்டுபிடியுங்கள். நான்குக்கான (ஆய்வு எண்ணிக்கையில் ஒன்று குறைவு) கை-வர்க்கப் பரவலில் மேல் 2.5 சதவீதத்தையும் கீழ் 2.5 சதவீதத்தையும் வெட்டும் எண்கள் அவை. முதலாவது தருவது கீழ் எல்லை, இரண்டாவது தருவது மேல் எல்லை.

நம் தரவில் கீழ் எல்லை 1.35. மேல் எல்லை கிட்டத்தட்ட 100.

எழுத்துப் பிழையில்லை. டௌ 1.2 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 10 மி.மீ. ஆகவும் இருக்கலாம். 6.86-ஆ 9.7-ஆ என்று நாம் மேலே அடித்துக்கொண்டதெல்லாம் இந்த இடைவெளிக்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும் சண்டை. ஐந்து ஆய்வுகளிலிருந்து ஒரு வேரியன்ஸை மதிப்பிடுவது ஐந்து பேரை அளந்து ஓர் ஊரின் உயரப் பரவலைச் சொல்வது போல. எந்தச் சூத்திரமும் இல்லாத தகவலை உண்டாக்காது. ஆய்வுகள் மூன்று நான்குதான் என்றால், மதிப்பீட்டு முறையை மாற்றிப் பயனில்லை. முந்தைய மெட்டா பகுப்பாய்வுகளில் இதே வகை விளைவுகளுக்கு டௌ எவ்வளவு இருந்தது என்ற வெளித் தகவலை முன்பரவலாகக் கொண்டுவரும் பேய்ஸ் முறைதான் கொஞ்சமாவது கைகொடுக்கும்.

ஆறாம் படி: சராசரி

ஒவ்வோர் ஆய்வின் வேரியன்ஸோடும் ரெமெல் தந்த 8.49-ஐக் கூட்டி, எடை போட்டால் சராசரி 4.83, திட்டப் பிழை 1.49. ஃபிக்ஸட் எஃபெக்ட் விடை 4.18, அதன் இடைவெளி 3.0 முதல் 5.4 வரை. ரேண்டம் எஃபெக்ட்ஸில் வழக்கமான 1.96 பெருக்கிப் போட்டால் 1.9 முதல் 7.8 வரை.

சராசரி ஏன் மேலே நகர்ந்தது என்று எடைகளைப் பாருங்கள். முன்பு பெரிய ஆய்வு (திட்டப் பிழை 1) ஒவ்வொன்றுக்கும் 36 சதவீதம், சின்னதுக்கு (திட்டப் பிழை 2) 9. இப்போது பெரியதுக்கு 23, சின்னதுக்கு 18. எடைகள் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. சின்ன ஆய்வுகளின் குரல் ஓங்குகிறது. சின்ன ஆய்வுகளில் நல்ல முடிவு வந்தவை மட்டும் அச்சேறியிருந்தால், ரேண்டம் எஃபெக்ட்ஸ் அந்தச் சாய்வைப் பெருக்கிக் காட்டும். மாரடைப்புக்கு மெக்னீசியம் கொடுத்த கதை இதற்குப் பெயர்போனது: சின்னச் சோதனைகளின் தொகுப்பு உயிர் காக்கிறது என்றது, 1995-இல் வெளியான, 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 சோதனை பலன் இல்லை என்றது. இரண்டு மாதிரிகளின் சராசரியும் வெகுவாக விலகினால், விளைவுகளைத் திட்டப் பிழைக்கு எதிராக வரைந்து இந்தச் சாய்வைக் காட்டும் ஃபனல் பிளாட்டை வரைந்து பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

1.96-க்கு வருவோம். டௌ ஸ்கொயரை நாம் துல்லியமாக அறிவோம் என்று பாவனை செய்கிறது அது. அறியோம் என்பதை இப்போதுதான் பார்த்தோம். ஹார்டுங்–நாப் திருத்தம் (சிடிக்கும் ஜாங்க்மனும் இதையே தனியாகக் கண்டதால் நான்கு பெயரும் சேர்த்தே வழங்கும்) இரண்டு காரியம் செய்கிறது. ஆய்வுகளிடையே உண்மையில் தெரியும் சிதறலை வைத்துத் திட்டப் பிழையைச் சரிசெய்கிறது: 1.49 என்பது 1.53 ஆகிறது. 1.96-க்குப் பதில் டி பரவலின் எண்ணைப் போடுகிறது: ஐந்து ஆய்வுகளுக்கு 2.776. இடைவெளி 0.6 முதல் 9.1 வரை விரிகிறது. இன்னும் பூஜ்ஜியத்தைத் தொடவில்லை, ஆனால் முன்பிருந்த தெம்பு இல்லை.

இரண்டு இடங்களில் இது காலை வாரும். ஆய்வுகள் இரண்டே என்றால் டி எண் 12.71; இடைவெளி எதற்கும் உதவாத அளவு அகலம் ஆகிவிடும். ஆய்வுகள் தற்செயலாக மிக நெருக்கமாக அமைந்தால் திருத்தக் காரணி 1-க்குக் கீழே போய், இடைவெளி சுருங்கும். இரண்டாவதற்கு, காரணியை 1-க்குக் குறையாமல் பிடித்து நிறுத்தும் வழி உண்டு. மென்பொருளில் அந்தத் தேர்வைத் தேடுங்கள்.

ஏழாம் படி: கணிப்பு இடைவெளி

சராசரியின் இடைவெளி சொல்வது சராசரி எங்கே இருக்கிறது என்பதை மட்டும். அடுத்த மருத்துவமனையில் இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு அது பதிலாகாது. அவருக்கு வேண்டியது கணிப்பு இடைவெளி.

டௌ ஸ்கொயர் 8.49, சராசரியின் வேரியன்ஸ் 2.22. கூட்டினால் 10.71; வர்க்கமூலம் 3.27. ஐந்து ஆய்வுகளுக்கு ஆய்வு எண்ணிக்கையில் இரண்டு குறைத்து டி எண் எடுத்தால் 3.18. பெருக்கினால் 10.4. ஆக −5.6 முதல் 15.2 வரை. சில மென்பொருள்கள் இரண்டுக்குப் பதில் ஒன்று குறைக்கும், அப்போது −4.3 முதல் 13.9 வரை. எதைச் செய்கிறது என்று உதவிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சராசரியில் பலன் இருக்கிறது என்கிறது ஆறாம் படி. அடுத்த ஓர் இடத்தில் பலன் பெரிதாகவும் இருக்கலாம், எதிராகவும் போகலாம் என்கிறது ஏழாம் படி. இரண்டும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வதுதான் பிரச்சினை.

எட்டாம் படி: காரணத்தைத் தேடுவது

இதற்கு என் ஐந்து ஆய்வுகள் போதாது. நிஜத் தரவுக்குப் போவோம். பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்ற 13 சோதனைகளின் தொகுப்பு புள்ளியியல் வகுப்புகளில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்த தரவு. மெட்டாஃபோர் பயிலுபவர் எல்லோரும் முதலில் தொடுவது அதைத்தான். இடர் விகிதத்தின் (தடுப்பூசி போட்டவர்களின் நோய் ஆபத்தைப் போடாதவர்களின் ஆபத்தால் வகுத்தது) மடக்கையில் கணக்கிட்டால் க்யூ 152, ஐ ஸ்கொயர் 92 சதவீதம், ரெமெல் டௌ ஸ்கொயர் 0.313, அதன் இடைவெளி 0.12 முதல் 1.11 வரை. 13 ஆய்வுகள் இருந்தும் இவ்வளவு அகலம்.

சராசரி இடர் விகிதம் 0.49, இடைவெளி 0.34 முதல் 0.70 வரை. தடுப்பூசி ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று எழுதி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கணிப்பு இடைவெளி 0.15 முதல் 1.55 வரை. 55 டிகிரி அட்சரேகையில் நடந்த ஒரு சோதனையில் இடர் விகிதம் 0.20; 13 டிகிரியில், 1,76,782 பேரோடு நடந்த சோதனையில் 1.01, அதாவது பலனே இல்லை.

ஆய்வுகளின் ஒரு தன்மையோடு பலன் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது மெட்டா ரிக்ரஷன். அட்சரேகையை விளக்க மாறியாக வைத்து அதை ஓட்டினால் டௌ ஸ்கொயர் 0.313-இலிருந்து 0.076-க்கு இறங்குகிறது. வேறுபாட்டில் சுமார் முக்கால் பங்கு அட்சரேகையோடு சேர்ந்து நகர்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பாதுகாப்பு கூடுகிறது. அட்சரேகை தானே எதையும் செய்வதில்லை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. சூழலில் உள்ள மற்ற மைக்கோபாக்டீரியாக்கள் ஏற்கெனவே தந்த எதிர்ப்பாற்றல் என்பது நெடுநாளாகப் பேசப்படும் விளக்கம். ஐ ஸ்கொயர் 92 என்று மட்டும் பார்த்து 'தொகுக்கக் கூடாது' என்று கைகழுவியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆனால் இந்த வெற்றியைப் பார்த்து எல்லாவற்றையும் மாறியாக நுழைக்காதீர்கள். ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து ஆய்வுகளாவது வேண்டும் என்பது காக்ரேன் கையேட்டின் அறிவுரை. ஐந்து ஆய்வுகளில் ஆறு துணைக்குழுக்களைப் பிரித்து ஒன்றில் விண்மீன் குறி (பி-மதிப்பு 0.05-க்குக் கீழ் என்பதன் அடையாளம்) வந்தது என்று மகிழ்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்தெந்தக் காரணங்களைச் சோதிப்போம் என்பதைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். ஓர் ஆய்வை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் நீக்கினால் ஐ ஸ்கொயர் குறைகிறது என்பதற்காகவே ஓர் ஆய்வை வெளியேற்றுவது கூடாது. அதன் முறையில் குறை இருந்தால் மட்டும் வெளியேற்றுங்கள், அந்தக் குறையை எழுதுங்கள்.

எழுதும்போது

நம் ஐந்து ஆய்வுகளின் முடிவைக் கட்டுரையில் நான் இப்படி எழுதுவேன்:

'ரெமெல் முறையில் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரி பொருத்தி, ஹார்டுங்–நாப் திருத்தம் செய்தோம். சராசரிக் குறைவு 4.8 மி.மீ. (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.6 முதல் 9.1). உண்மைப் பலன்களின் திட்ட விலக்கமான டௌ 2.9 மி.மீ.; க்யூ புரொஃபைல் இடைவெளி 1.2 முதல் 10 வரை என்பதால் வேறுபாட்டின் அளவு துல்லியமாகத் தெரியவில்லை. 95 சதவீதக் கணிப்பு இடைவெளி −5.6 முதல் 15.2 மி.மீ. பௌலே–மாண்டெல் முறையில் டௌ 3.0. ஐ ஸ்கொயர் 77 சதவீதம்.'

ஐ ஸ்கொயர் கடைசியில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். இதழ் கேட்கும் என்பதற்காகத்தான் அதுவும் அங்கே இருக்கிறது.